பேட்டை, மடம், மேல்மாடி: கரிசல் ஊர்களின் உறவின்முறைக் கட்டடங்கள்



கரிசல் சீமையின் கட்டடக்கலை பற்றிப் பேச வருகிறவர்கள் கழுகுமலை வெட்டுவான் கோயிலில் தொடங்கி எட்டயபுரம் அரண்மனையில் முடித்துக்கொள்வார்கள். பெரிய கட்டடங்களுக்குப் பேச ஆள் உண்டு. நான் எடுத்துக்கொண்டிருப்பது யாரும் படம் பிடிக்காத ஒரு கட்டடம். சாத்தூரிலும் விருதுநகரிலும் அருப்புக்கோட்டையிலும் கோவில்பட்டியிலும் கல்யாணத்துக்குப் போய், பந்தியில் உட்கார்ந்து, கை கழுவிவிட்டு வந்திருப்பீர்கள். வாசலில் ‘உறவின்முறைக்குப் பாத்தியமானது’ என்று எழுதியிருக்கும். உறவின்முறை என்றால் ஓர் ஊரில் ஒரே சமூகத்தார் கூடி நடத்தும் சபை. அந்த எழுத்தைப் படித்திருப்போம், கட்டடத்தைப் பார்த்திருக்க மாட்டோம்.

சங்கமாகக் கூடுகிறவர்கள் தங்களுக்கென்று ஒரு கூடம் கட்டிக்கொள்வது உலகெங்கும் உள்ள வழக்கம். இங்கிலாந்தில் பிரீமேசன் என்ற ரகசியச் சகோதரச் சங்கத்தின் லண்டன் கிளைகள் 1717-ல் ஒன்றுகூடிப் பெருஞ்சபை அமைத்த பிறகு அவர்களுடைய கூடங்கள் கப்பலேறி எங்கும் போயின. 18-ஆம் நூற்றாண்டிலேயே சென்னைக்கும் வந்தன. ஆர்க்காட்டு நவாபின் மகன் உம்தத்-உல்-உமரா 1770-களில் திருச்சியில் அந்தச் சபையில் சேர்ந்தார். சென்னை எத்திராஜ் சாலையில் அவர்களுடைய கூடம் இன்றும் இருக்கிறது. அமெரிக்காவில் 1819-ல் பால்டிமோரில் ஆட்பெல்லோஸ் என்ற சகோதரச் சங்கம் தொடங்கியது. உறுப்பினர் நோயில் விழுந்தால் படி கொடுப்பார்கள், இறந்தால் அடக்கச் செலவை ஏற்பார்கள். அந்த நாட்டுச் சிற்றூர்களின் கடைத்தெருவில் இவர்கள் கட்டிய கூடங்களுக்கு ஓர் அமைப்பு உண்டு. கீழே வாடகைக்கு விட்ட கடைகள், மேலே சங்கக் கூடம். வாடகை கூடத்தைத் தாங்கும்.

இதைக் கேட்டதும் உங்களுக்கு உங்கள் கடைத்தெரு ஞாபகத்துக்கு வந்திருக்கும். கீழே பாத்திரக் கடை, ஜவுளிக் கடை, மருந்துக் கடை. பக்கவாட்டில் ஒடுக்கமான ஒரு படிக்கட்டு. மேலே மகாசபை கூடும் நீளக் கூடம். யாரும் யாரைப் பார்த்தும் கட்டவில்லை. ஒரே தேவைக்கு இரண்டு இடத்தில் ஒரே விடை கிடைத்திருக்கிறது. ஆனால் கரிசல் ஊரில் இந்த மேல்மாடிக்கு முன்னால் ஒரு மதில் இருந்தது. அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

1799-ல் கயத்தாறில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். 1801-ல் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தரைமட்டமாக்கினார்கள். பாளையக்காரர் போர் முடிந்து கம்பெனி ஆட்சி காலூன்றியதும் வண்டிப்பாதைகளில் நடமாட்டம் கூடியது. தெற்கே பனங்காட்டுப் பக்கத்திலிருந்து கருப்பட்டியும் உப்பும் கருவாடும் ஏற்றிக்கொண்டு நாடார் வணிகர்கள் வடக்கே வந்தார்கள். சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், சாத்தூர், பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை என்று ராமநாதபுரம் சீமையின் ஆறு ஊர்களில் நிலைகொண்டார்கள். பின்னால் பருத்தி, புகையிலை என்று சரக்கு மாறியது. 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்தபோது அங்கிருந்து லங்காஷயர் ஆலைகளுக்குப் போக வேண்டிய பஞ்சு நின்றது. நம்முடைய கரிசல் பருத்திக்கு விலை ஏறியது. எட்டயபுரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் இருக்கிற உங்கள் எப்போதும்வென்றான் ஊர்ப் பாதையைச் சும்மா ரோடு என்று நினைக்காதீர்கள். துறைமுகத்துக்குப் பஞ்சு இறங்கியதும் உப்பும் கருவாடும் மேலேறியதும் இந்த மாதிரிப் பாதைகளில்தான். சோலைசாமி கோயில் கொடைக்கு இங்கே மாட்டுவண்டிப் பந்தயம் விடுகிறார்கள் என்றால் அந்தப் பழைய நாட்களின் மிச்சம் கொஞ்சம் அதிலும் இருக்கும்.

வண்டி போனால் போதாது. ஓர் இரவு மாடு நடக்கிற தூரத்துக்கு ஓர் இடத்தில் மாட்டை அவிழ்த்துக் கட்ட வேண்டும், தண்ணீர் காட்ட வேண்டும், சரக்குக்குப் பந்தோபஸ்து வேண்டும். வழிப்பறிப் பயம் ஒருபக்கம். இன்னொரு பக்கம், அந்தக் காலத்துச் சாதி ஒழுங்கில் நாடார் வணிகருக்கு ஊர்ப் பொதுக்கிணறும் சத்திரமும் எல்லா இடத்திலும் திறந்திருக்கவில்லை. ஆகவே தங்களுக்கென்று கட்டிக்கொண்டார்கள். வழியில் சாவடி, ஊரில் பேட்டை.

பேட்டை என்பது நான்கு பக்கமும் மதில் எழுப்பிய திறந்த வளாகம். அதற்கு முக்கியம் வாசல். பருத்திப் பொதி ஏற்றிய வண்டி, பாரம் இடிக்காமல் உள்ளே நுழையும் உயரமும் அகலமும் வேண்டும். அதே வாசலை ராத்திரி இரண்டு ஆள் சேர்ந்து சாத்தித் தாழ் போடவும் முடிய வேண்டும். இந்த இரண்டு தேவைக்கும் நடுவில்தான் கொத்தனும் தச்சனும் கணக்குப் போட்டார்கள். உள்ளே நுழைந்ததும் வண்டிகள் நிற்க வெட்டவெளி. சுவரை ஒட்டித் தாழ்வாரம், தாழ்வாரத்துக்குப் பின்னால் சரக்கு அறைகள். நடுவிலோ ஒரு மூலையிலோ கிணறு. வாசலுக்கு உட்புறம் தராசு. தராசு அங்கேதான் இருக்க வேண்டும். எடை போடாமல் எந்தச் சரக்கும் உள்ளே போகவோ வெளியே வரவோ கூடாது, ஏனென்றால் எடையில்தான் மகமை பிறக்கிறது.

மூட்டைக்கு இவ்வளவு, வண்டிக்கு இவ்வளவு என்று வியாபாரி தன் வரவிலிருந்து கொடுக்கும் சிறுதொகை மகமை. தனி ஒருவர் பைக்குப் போகாமல் அது உறவின்முறைப் பெட்டிக்குப் போகும். இதற்கு மேல், கல்யாணமாகித் தனிக்குடித்தனம் வந்த ஒவ்வோர் ஆணும் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டு வரி தனி. பெட்டிக்குப் பொறுப்பாளர்கள் முறை வைத்து மாறுவார்கள். மகாசபை கூடிக் கணக்கை வாசிக்கும். பிரீமேசன் கூடம் ரகசியத்தைக் காப்பதற்காகக் கட்டியது. அங்கே கதவில் காவல், சடங்கு வெளியே தெரியாது. இங்கே ரகசியமே கிடையாது. யார் எத்தனை மூட்டை எடை போட்டான், யார் பாக்கி வைத்தான் என்று நாலுபேர் முன்னால் உரக்கப் படித்தார்கள். மேல்மாடிக் கூடத்துக்கு நீளம் அதிகம், அகலம் குறைவு. இரண்டு வரிசையாக எதிரெதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தால் கணக்கு வாசிக்கிறவர் குரல் எல்லோருக்கும் கேட்கும். அகலம் குறைந்ததற்கு உத்தரத்தின் நீளமும் ஒரு காரணம். கிடைத்த மரத்தின் நீளத்துக்குத்தான் கூடம் அகலும்.

மண்ணைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கரிசல் மழையில் உப்பும், கோடையில் வெடித்துப் பாளம் பாளமாகப் பிளக்கும். மேல்மண்ணில் கடைக்கால் போட்டவன் சுவர் மூன்று கோடையைத் தாங்காது. ஆகவே கரிசலைத் தோண்டி அப்புறப்படுத்தி, அடியில் சுக்கான் தட்டுப்படும் வரை இறங்கி, மணல் பரப்பித் தண்ணீர் விட்டு இறுக்கி, அதற்கு மேல்தான் கல் வைத்தார்கள். செலவில் கணிசமான பங்கு கண்ணுக்குத் தெரியாமல் பூமிக்குள் போய்விடும். தனி ஆள் வீடு கட்டும்போது கடைக்காலில் சிக்கனம் பிடிப்பான். பொதுப்பணம் என்றால் அதுவும் நடக்காது, கணக்கு கேட்க ஆள் உண்டு. நம் பக்கத்துப் பழைய உறவின்முறைக் கட்டடங்கள் பக்கத்து வீடுகளைவிடக் குறைவாக விரிசல் கண்டிருப்பதற்கு இதுவே காரணம் என்பது என் எண்ணம்.

சுவருக்குச் சுண்ணாம்புக் காரை. தூத்துக்குடிக் கடலோரத்தில் பவளக்கல்லையும் சிப்பியையும் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தார்கள். அதை மணலோடு சேர்த்துச் செக்கில் அரைத்து, கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டிக் கரைசலும் விட்டுப் புளிக்க வைப்பார்கள். வண்டியில் விற்பனைக்கு வந்த கருப்பட்டியில் ஒரு பங்கு சுவருக்குள்ளும் போயிற்று என்று நினைத்தால் எனக்கு ஒரு சந்தோஷம். கூரைக்கு முதலில் பனங்கை, பிறகு ஓடு. ஓட்டில் இரண்டு காலம் உண்டு: நாட்டோடு ஒன்று, 1865-ல் பாசல் மிஷன்காரர்கள் மங்களூரில் ஆலை வைத்த பிறகு பரவிய சீமையோடு இன்னொன்று. கையில் காசு சேர்ந்ததும் பர்மா தேக்கு வந்தது, உத்தரம் நீண்டது. பிறகு இரும்பு. கழித்துப்போட்ட தண்டவாளத் துண்டை உத்தரமாக்கிய கட்டடங்கள் நம் பக்கத்தில் உண்டு. ஆக, ஒரு கட்டடத்தின் கூரையை அண்ணாந்து பார்த்தாலே அது எந்தத் தலைமுறைக் காசு என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

தண்டவாளம் என்றதும் 1876 வருகிறது. மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில் விட்டது அந்த வருஷம். சாத்தூர், கோவில்பட்டி வழியாகப் பாதை போனது; எட்டயபுரமும் எப்போதும்வென்றானும் ஒதுங்கிவிட்டன. கோவில்பட்டி வளர்ந்ததற்கு ரயிலடிதான் காரணம். ஜமீன் ஊர் எட்டயபுரம் பின்தங்கியது. பாரதியின் தந்தை சின்னசாமி ஐயர் எட்டயபுரத்தில் பஞ்சாலை வைத்து நொடித்துப்போனது நமக்கெல்லாம் தெரிந்த கதை. ஒருவர் தோளில் ஏறிய முதல், அவர் சரிந்ததும் சரிந்தது. அதே காலத்தில் பத்துப் பன்னிரண்டு கல் தள்ளி மகமைப் பெட்டிகள் சத்தமில்லாமல் நிறைந்துகொண்டிருந்தன. ஒப்பீடு கொஞ்சம் கடுமையானதுதான். ஆனால் கட்டட வரலாறு பேசுகிறவன் எது நின்றது, எது நிற்கவில்லை என்று பார்க்காமல் இருக்க முடியாது.

நிறைந்த பெட்டி எதற்குத் திறந்தது? முதலில் கிணறு, தெப்பக்குளம், கோயில், மடம். பிறகு வழக்கு. கமுதி கோயில் நுழைவு வழக்கு 1897-ல் மூண்டு, லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908-ல் நாடார்களுக்கு எதிராக முடிந்தது. இடையில் 1899-ல் சிவகாசிக் கலவரம். மதில் அப்போது வெறும் சரக்குக் காவலாக இருக்கவில்லை, உயிர்க்காவலாகவும் ஆயிற்று. கோயில் கதவு சட்டப்படி திறக்க 1939 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மதுரை மீனாட்சி கோயிலுக்குள் அந்த ஆண்டு ஜூலை 8-ஆம் தேதி காங்கிரஸ்காரரான வைத்தியநாத ஐயர் அழைத்துப்போனவர்களில் விருதுநகர் நாடார் ஒருவரும் இருந்தார்.

வழக்குக்குச் செலவழித்ததைவிடப் பள்ளிக்குச் செலவழித்த பணம்தான் அதிகம் விளைந்தது. விருதுநகரில் 1880-களில் சத்திரிய வித்தியாசாலை எழுந்தது. மகமைக்கு மேல் அங்கே பிடியரிசித் திட்டமும் வந்தது. அடுப்பில் உலை வைக்கும் முன் வீட்டுப் பெண் ஒரு கைப்பிடி அரிசியைத் தனிப்பானையில் போடுவாள். அதைத் திரட்டி விற்றுப் பள்ளி நிதியில் சேர்ப்பார்கள். அந்தப் பள்ளியில் படித்த ஒரு பையன் பாதியில் படிப்பை விட்டான். முதலமைச்சரான பிறகு 1956-ல் மதிய உணவுத் திட்டத்தை எட்டயபுரத்தில் தொடங்கிவைத்தான். காமராஜர் பிடியரிசியிலிருந்துதான் மதிய உணவுக்கு வந்தார் என்று அடித்துச் சொன்னால் அது மிகை. இரண்டும் ஒரே வட்டாரத்தில் நடந்தன, இரண்டிலும் அரிசி பள்ளிக்கூடத்தைத் தேடிப் போனது, அவ்வளவே. பள்ளியை அடுத்து, 1947-ல் விருதுநகரில் செந்திக்குமார நாடார் கல்லூரி வந்தது. அருப்புக்கோட்டையில் தேவாங்கர் கலைக்கல்லூரியும் சைவபானு சத்திரியக் கல்லூரியும் ஒரே ஊரில் நிற்கின்றன. ஒன்று நெசவாளர் சமூகம் திரட்டிய பணம், மற்றது வணிகர் சமூகம் திரட்டியது. பொதுப்பெட்டி என்பது ஒரு சாதியின் தனிச்சொத்து அல்ல என்பதற்கு அந்த ஊர் போதும்.

பெட்டி கடைசியில் பேட்டையைவிட்டே வெளியேறியது. 1910-ல் பொறையாறில் ரத்தினசாமி நாடார் முன்னின்று நாடார் மகாஜன சங்கத்தைக் கூட்டினார். ஊருக்கு ஊர் தனித்தனியாக இருந்த உறவின்முறைகளுக்கு மேல் ஒரு பெரிய வளையம். அந்தச் சங்கத்தின் தூத்துக்குடி மாநாட்டில் எழுந்த யோசனைதான் வங்கி. 1921 மே மாதம் நாடார் வங்கி பதிவாகி, நவம்பரில் தூத்துக்குடி தெற்கு ராஜா வீதி ஆனா மாவன்னா கட்டடத்தில் திறந்தது. 1962-ல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்று பெயர் மாறியது. பேட்டையில் பார்த்த அதே உறுப்புகளை வங்கியிலும் பார்க்கலாம்: வாசலில் காவல், உள்ளே பூட்டிய அறை, நடுவில் எல்லோர் கண்ணிலும் படும்படி கணக்கு மேசை.

இதுவரை சொன்னதைக் கேட்டு, ‘ஆகா, என்ன ஒற்றுமை’ என்று எழுந்து போய்விடாதீர்கள். மதிலுக்கு மறுபக்கம் உண்டு. கிணறு மறுக்கப்பட்டவர்கள் கிணறு வெட்டினார்கள். அந்தக் கிணற்றில் தங்களுக்குக் கீழே என்று ஊர் வைத்திருந்தவர்களை எத்தனை இடத்தில் இறைக்க விட்டார்கள்? உறவின்முறைக் கட்டுப்பாட்டை மீறியவனுக்கு அபராதம், அதையும் மீறினால் ஊர்விலக்கு. நெருப்பு கொடுக்கக் கூடாது, நாவிதர் வரக் கூடாது, இழவுக்கு ஆள் போகக் கூடாது. மாற்றுச் சாதியில் பெண் கட்டியவனை இந்த மேல்மாடிகள் எப்படி நடத்தின என்று அவனுடைய பேரப்பிள்ளைகளைக் கேட்டால் தெரியும். நாடார் தலைவர் பட்டிவீரன்பட்டி சவுந்தரபாண்டியன் 1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். 1931-ல் விருதுநகரிலேயே சுயமரியாதை மாநாடு நடந்தது. வெளியே சாதி ஒழிப்புத் தீர்மானம், உள்ளே தலைக்கட்டு வரி. இரண்டுக்கும் ஒரே மனிதர்கள் கையெழுத்துப் போட்டதுண்டு. இதை நான் கபடம் என்று சொல்ல மாட்டேன். கதவடைப்புக்கு எதிராகக் கட்டியவர்கள் தங்கள் கையிலும் ஒரு தாழ்ப்பாள் இருப்பதைக் கடைசியில்தான் பார்த்தார்கள், சிலர் பார்க்கவேயில்லை.

இன்னொன்று. பிடியரிசி போட்டது பெண்கள். மகாசபைக் கூடத்தில் உட்கார்ந்தது ஆண்கள். பழைய கட்டடங்களில் மேல்மாடிக்கு ஏறும் படிக்கட்டு தெருவிலிருந்து நேரே போகும். சமையல்கட்டிலிருந்து மேலே போக வழி கிடையாது. கட்டினவர்கள் இதை யோசித்துச் செய்திருக்க மாட்டார்கள். யோசிக்காமல் செய்ததுதான் அதிகம் பேசுகிறது. மடத்தில் நூறு வருஷமாக நடந்த சமையலுக்கு அரிசி அளந்தவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை, விளக்கு வாங்கிக் கொடுத்தவர் பெயர்கூட உண்டு.

இப்போதைய நிலைமையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சரக்கு லாரிக்கு மாறியதும் பேட்டைக்குள் வண்டி வருவது நின்றது. ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்கள் வந்தன, தராசு அங்கே போயிற்று. ‘விருதுநகர் மார்க்கெட் நிலவரம்’ இன்றும் பத்திரிகையில் வருகிறது, ஆனால் அந்த விலை பேசப்படுவது செல்போனில். வெட்டவெளிக்கு நல்ல விலை. அதில் கல்யாண மண்டபம் கட்டினால் மகமையைவிட வருமானம் அதிகம். ஆகவே தாழ்வாரம் போயிற்று, கிணற்றை மூடினார்கள், தேக்கு உத்தரம் மொத்த விலைக்குப் போயிற்று, கண்ணாடி மாதிரி வழுக்கும் தரை வந்தது. மண்டபம் கட்டுவதில் தப்பில்லை. வருமானம் பள்ளிக்குத்தானே போகிறது என்பார்கள், உண்மைதான். ஆனால் பழைய வாசலையாவது விட்டுவைத்திருக்கலாம். புது மண்டபத்துக்கு முகப்பில் பிளாஸ்டர் தூண் நான்கு நிறுத்தி, அதற்கு ரோமாபுரிக் கிரீடம் வைப்பதற்குப் பதில், வண்டி நுழைந்த அந்த வளைவையே மாப்பிள்ளை அழைப்புக்கு வாசலாக வைத்தால் என்ன குறைந்துபோகும்? இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நம் பொறியாளர்களை நான் மன்னிக்கத் தயாராக இல்லை.

கட்டடத்தைவிட வேகமாக அழிவது கணக்கு. பேரேடு, குறிப்பேடு, மகமை ரசீதின் அடிக்கட்டை, மகாசபைத் தீர்மானப் புத்தகம் எல்லாம் கோணிச்சாக்கில் கட்டிப் பரண்மேல் கிடக்கின்றன. எந்த வருஷம் பருத்தி குறைந்தது, எந்த வருஷம் பஞ்சம், யாருக்கு எதற்காக அபராதம், பள்ளிக்கு முதல் கல் எத்தனை ரூபாய் என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. ராபர்ட் ஹார்ட்கிரேவ் என்ற அமெரிக்கர் நம் ஊர்களுக்கு வந்து உறவின்முறை பற்றி விசாரித்து 1969-ல் ஒரு புத்தகம் எழுதினார். இன்றும் ஆராய்ச்சிக்காரர்கள் அதையே புரட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவருக்குப் பிறகு நாம் என்ன செய்தோம் என்று கேட்டால் பதில் சொல்லச் சங்கடமாக இருக்கிறது.

அதனால் இந்த அவையில் இருக்கும் உறவின்முறைப் பொறுப்பாளர்களிடம், எந்தச் சமூகத்தவரானாலும் சரி, இரண்டு காரியம் கேட்கிறேன். பழைய கட்டடத்தை இடிக்கத் தீர்மானித்தால், இடிப்பதற்கு முன் மதுரையிலோ திருநெல்வேலியிலோ படிக்கும் கட்டடக்கலை மாணவர்களை அழைத்து அளவெடுத்து வரைபடம் போடச் சொல்லுங்கள். சாப்பாடு போட்டால் போதும், பிள்ளைகள் சந்தோஷமாக வருவார்கள். பரண்மேல் இருக்கும் பேரேடுகளைப் பழைய காகிதக்காரருக்குப் போடாதீர்கள். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் படியெடுத்துப் பாதுகாக்கும் வசதி உண்டு, அவர்களுக்கு எழுதுங்கள். அபராதம் எழுதிய பக்கங்களைக் கிழித்துவிட்டுக் கொடுக்காதீர்கள், அவற்றையும் சேர்த்தே கொடுங்கள்.